வேடத்தை மறுக்க யாரால் முடியும்?

(மாணவர்கள் நடத்திய திரைப்படக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதித் தரப்படுகிறது.)



தலைப்பை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். 'திறமையான நடிகர்கள் ஏன் மோசமான படங்களில் நடிக்கிறார்கள்?' சுவரொட்டியில் அதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இந்தக் கேள்விக்குள்ளே ஒரு குற்றப்பத்திரிகை ஒளிந்திருக்கிறது என்பதுதான். 'திறமை இருக்கு, ஆனா விலை போயிட்டான்' என்கிற பொதுப்புத்தியின் குரல். பெரிய நட்சத்திரங்களைப் பற்றியென்றால் பதில் ரெண்டு வரியில் முடிந்துவிடும். வட்டிக் கடன், கதை கேட்காமலே வாங்கிய முன்பணம், தட்ட முடியாத தயாரிப்பாளர், சில பேருக்கு வெறும் பேராசை. இதைப் பேச இத்தனை பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டியதில்லை.

நான் பேச நினைப்பது வேறு ஆட்களைப் பற்றி. படத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்படுகிற வேடம் அவர்களுடைய சொந்த சனத்தையே இழிவுபடுத்துகிறது. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே போய் நடிக்கிறார்கள். ஏன்? இதற்கு நான் 1930, 40களின் ஹாலிவுட்டை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கா எதற்கு என்று கேட்பீர்கள். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் படி வேண்டுமென்று 1946இல் அண்ணல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் 'தலித் பேந்தர்ஸ்' என்று பெயர் வைத்தது அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான். உறவு பழையது. அதோடு, இந்தக் கேள்வியை அந்த மக்கள் தங்களுக்குள்ளேயே வெளிப்படையாக, பத்திரிகையில் எழுதி, முகத்துக்கு நேராகச் சண்டை போட்டுப் பேசியிருக்கிறார்கள். நாம் இன்னும் டீக்கடையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

'கான் வித் த விண்ட்' படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1939இல் வந்தது. ஏறக்குறைய நாலு மணி நேரம். ஒளிப்பதிவு, வண்ணம், அரங்கம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் அதை மோசமான படம் என்றுதான் சொல்வேன். மட்டமாக எடுத்த படத்தால் பெரிய கெடுதி இல்லீங்க, சனம் பாதியிலேயே எழுந்து வந்துவிடும். நன்றாக எடுக்கப்பட்ட பொய்தான் தலைமுறை தலைமுறையாக நிற்கும். அடிமைமுறையை ஒரு குடும்பப் பாசம்போலக் காட்டுகிற படம் அது. எஜமானர்கள் கண்ணியமானவர்கள், அடிமைகள் விசுவாசிகள், நடுவில் யுத்தம் வந்து அந்த அழகான உலகத்தைக் கெடுத்துவிட்டது; இவ்வளவுதான் அதன் கருத்தியல். அதில் கதாநாயகியின் இடுப்புக் கச்சையை இழுத்துக் கட்டுகிற, அவளை அதட்டி வளர்க்கிற கறுப்பின வேலைக்காரி ஒருத்தி வருகிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது. 'மேமி', அவ்வளவுதான். நம்ம பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் அப்படித்தானே, ஆளுக்கு ஒரு பெயர் இருக்கும், கூப்பிடுவதற்கு மட்டும் அது தேவைப்படாது.

அந்த வேடத்தைச் செய்தவர் ஹாட்டி மெக்டேனியல். அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பா உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்கு எதிரான படையில் நின்று சண்டை போட்டவர். பதின்மூன்று பிள்ளைகளில் கடைசிப் பெண் இவர். பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் வரும். ஊர் ஊராகக் குழுக்களோடு போய்ப் பாடினார். பொருளாதார நெருக்கடி வந்ததும் ஒரு கேளிக்கை விடுதியின் கழிப்பறையில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். 1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். அங்கேயும் சினிமாவில் வேலை இல்லாத நாட்களில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலும் துணி வெளுப்பும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டுடியோவுக்குப் போனால் வேலைக்காரி உடுப்பு. ஸ்டுடியோ கூப்பிடாவிட்டால் நிஜ வீட்டில் நிஜமான வேலைக்காரி உடுப்பு. ரெண்டும் ஒரே துணிதான். சம்பளம்தான் வேறு. நடிப்பில் வந்தது பல மடங்கு. 'ஏன் நடிக்கிறாய்' என்று அவரைக் கேட்டவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பதிலின் சாரம் இதுதான்.

வேறு வேடம் கேட்டு வாங்கக்கூடாதா? எங்கே போய்க் கேட்பது? 1934 முதல் கறாராக அமல்படுத்தப்பட்ட ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறுப்பர், வெள்ளையர் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்றே எழுதி வைத்திருந்தன. கதாநாயகன் எப்போதும் வெள்ளைக்காரன். அப்புறம் கறுப்பினப் பெண் எங்கே கதாநாயகி ஆவது? சமையலறைக்குத்தான் போக வேண்டும். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

1939 டிசம்பர் 15ஆம் தேதி அட்லாண்டாவில் படத்தின் முதல் காட்சி. அரங்கம் வெள்ளையருக்கு மட்டும். படத்தில் நடித்த கறுப்பின நடிகர் ஒருவருக்கும் அங்கே இடம் இல்லை. அதற்கு முந்தின நாள் நடந்த கொண்டாட்டத்தில் எபனேசர் தேவாலயப் பாடகர் குழுவை அடிமை வேடம் போட்டுப் பாட வைத்தார்கள். அந்தக் குழுவில் பத்து வயதுப் பையன் ஒருவன் அடிமைச் சிறுவன் உடுப்பில் நின்றான். பெயர் மார்ட்டின் லூதர் கிங். அவனுடைய அப்பாதான் அந்தத் தேவாலயத்தின் போதகர். சொந்த சனமே அவரை அதற்காகக் கண்டித்தது. அந்தக் காலத்தில் அந்த ஊரில் ஒரு மேடை கிடைக்க வேண்டுமென்றால் என்ன உடுப்பைப் போட வேண்டியிருந்தது, பாருங்கள்.

1940 பிப்ரவரி 29. துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது ஹாட்டிக்கு. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். விழா நடந்த ஓட்டலில் கறுப்பர்களை அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகச் சொல்லி அனுமதி வாங்கினார். உள்ளே விட்டார்கள், ஆனால் படக்குழுவோடு உட்கார விடவில்லை. சுவரோரமாகத் தனி மேசை போட்டார்கள். தனிக் குவளை பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: தனிக் குவளையில் டீ குடித்தவனைப் பார்த்து 'ஏன்டா குடிச்சே' என்று நாம் கேட்பதில்லை. கடைக்காரனைத்தான் கேட்கிறோம்.

ஆனால் ஹாட்டியைக் கேட்டார்கள். கறுப்பின மக்களின் பெரிய அமைப்பின் செயலாளர் வால்டர் ஒயிட் 1942இல் ஹாலிவுட்டுக்கே போய், வேலைக்காரி வேடமும் கோமாளி வேடமும் போதும், எங்களை மனிதர்களாகக் காட்டுங்கள் என்று ஸ்டுடியோ முதலாளிகளிடம் கேட்டார். நியாயமான கோரிக்கை. அதில் எனக்கு ரெண்டாவது கருத்தே இல்லை. ஒரு பொய்ப் படம் லட்சக்கணக்கான வெள்ளைக்காரர்கள் மனதில் 'அவங்க சந்தோஷமாத்தான் இருந்தாங்க' என்று எழுதிவிட்டுப் போகிறது. அடுத்த நாள் அந்த எழுத்து வாக்குச்சாவடியிலும் நீதிமன்றத்திலும் வேலை செய்கிறது. ஆனால் ஒயிட் போய்ப் பேசியது முதலாளிகளிடம். ஏற்கெனவே நடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்களைக் கலந்துகொள்ளவில்லை. எங்கள் பிழைப்பைப் பற்றி எங்களை வைத்துக்கொள்ளாமல் பேச நீ யார் என்று நடிகர்கள் கொதித்தார்கள். ஒயிட் பார்ப்பதற்கு வெள்ளைக்காரர் மாதிரியே இருப்பார், நீலக் கண். அமைப்பில் மாதச் சம்பளம். அதையும் குத்திக் காட்டினார்கள். எனக்கு இந்தச் சண்டையில் ஒயிட்டின் அரசியல் சரி, அவர் உட்கார்ந்த மேசை தப்பு.

மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அதே படத்தில் பிரிஸ்ஸி என்ற மக்குப் பணிப்பெண்ணாக நடித்தவர் பட்டர்ஃப்ளை மெக்குயின். பிற்பாடு இனி வேலைக்காரி வேடம் வேண்டாம் என்று ஒதுங்கினார். கடையில் விற்பனை, ஆலை வேலை, வீட்டு வேலை என்று எதெதையோ செய்து பிழைத்தார். 1975இல், அறுபத்து நாலு வயதில், நியூயார்க்கில் அரசியல் அறிவியல் பட்டம் வாங்கினார். எனக்கு மிகப் பிடித்த பெண்மணி. ஆனால் திரையுலகம் ஒரு நல்ல நகைச்சுவை நடிகையை இழந்தது என்று அந்தத் திரையுலகத்தில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. லீனா ஹார்ன் என்ற பாடகி 1942இல் பெரிய ஸ்டுடியோவோடு ஒப்பந்தம் போட்டார். வேலைக்காரி வேடம் கிடையாது என்பதில் உறுதியாக இருந்தார். ஸ்டுடியோ ஒரு தந்திரம் செய்தது. கதையோடு ஒட்டாமல், தூணில் சாய்ந்து நின்று ஒரு பாட்டு மட்டும் பாட வைத்தார்கள். தென் மாநிலத் தியேட்டர்காரர்கள் அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டினார்கள். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

பால் ரோப்சன் வேறு ரகம். சட்டம் படித்தவர், பாடகர், விளையாட்டு வீரர். லண்டனில் 1930இல் ஒதெல்லோ நடித்தவர். ஆப்பிரிக்காவில் எடுத்த நிஜமான நடனக் காட்சிகளைப் பார்த்து, நம் பண்பாட்டைக் காட்டப் போகிறார்கள் என்று நம்பி 'சாண்டர்ஸ் ஆஃப் த ரிவர்' படத்தில் நடித்தார். 1935இல் வெளியானபோது அது வெள்ளை அதிகாரியின் ஆட்சிக்குத் துதிபாடுகிற படமாக இருந்தது. வெளிப்படையாக அதைக் கைகழுவினார். (அந்தப் படத்தில் கூட்டத்தில் ஒருவராகத் தலைகாட்டிய இன்னொருவர் ஜோமோ கென்யாட்டா. பின்னால் சுதந்திர கென்யாவின் தலைவரானவர். வயிற்றுப்பாடு யாரை விட்டது?) 1942இல் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' படத்துக்குப் பிறகு ரோப்சன் ஹாலிவுட்டையே வேண்டாம் என்று அறிவித்தார். அவரால் முடிந்தது, ஏனென்றால் அவருக்குக் கச்சேரி மேடை இருந்தது. 1943இல் நியூயார்க்கில் ஒதெல்லோ 296 காட்சிகள் நடந்தது. அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருந்தது. அவருடைய அரசியலுக்காக அவரை அடக்க நினைத்தபோது சரியாக அந்த இடத்தில் கை வைத்தார்கள். 1950இல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள், உள்நாட்டில் மேடைகள் மூடப்பட்டன. திருப்பிக் கொடுத்தது 1958இல்.

ஆக, மறுப்பு என்பது காணி நிலம் மாதிரி. இருக்கிறவனுக்கு இருக்கிறது. நான் வங்கியில் குமாஸ்தா. மாசம் பிறந்தால் சம்பளம் வரும். ஒரு வெகுஜனப் பத்திரிகை என் கவிதையிலிருந்து 'சேரி' வருகிற ரெண்டு வரியை எடுத்துவிட்டுப் போடலாமா என்று கேட்டது. வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க என்று எழுதினேன். கொள்கை உறுதி என்று நண்பர்கள் மெச்சினார்கள். அந்தக் கடிதத்தை என் கொள்கையும் என் சம்பளமும் சேர்ந்துதான் எழுதின. அந்தச் சம்பளமும் இட ஒதுக்கீட்டில் வந்தது. எனக்கு முன்னால் யார் யாரோ அடிபட்டு வாங்கிக் கொடுத்த 'மாட்டேன்' அது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இழிந்த வேடத்தை விட்டுவிட்டு உயர்ந்த வேடம் போட்டால்? மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' மௌனப்படம், 1930 வாக்கில் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. எடுத்தவர் ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோஸி, நம்மவர், தலித் பெண். நாடகம் ஆடிப் பழகியவர். ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக வருவதா என்று சாதி இந்துக்கள் கல்லெறிந்தார்கள். ஊரை விட்டே துரத்தினார்கள். தமிழ்ப் பகுதிக்குத் தப்பி வந்து, தான் நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்து முடித்தார். படமும் அழிந்துவிட்டது. பத்தாண்டு இடைவெளிக்குள் நடந்த ரெண்டு நிகழ்ச்சிகள்: அடிமையாக நடித்தவருக்குச் சுவரோர மேசையும் விருதும், சீமாட்டியாக நடித்தவருக்குக் கல்.

ஹாட்டி அந்தப் பணத்தை என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் நல்ல பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதப்பட்ட பகுதி. வெள்ளைக்கார அண்டை வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஹாட்டியும் மற்றவர்களும் சேர்ந்து எதிர்த்து நின்றார்கள். 1945 டிசம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளினார். வாதாடிய லோரன் மில்லர், 1948இல் நாடு முழுவதுக்குமாக அத்தகைய பத்திர நிபந்தனைகளைச் செல்லாமல் ஆக்கிய உச்சநீதிமன்ற வழக்குகளிலும் பணியாற்றினார். சமையலறை வேடத்தில் வந்த காசு, ஊருக்கும் சேரிக்கும் நடுவிலிருந்த கோட்டை அழிக்கவும் பயன்பட்டது. இதனால் படத்தின் பொய் குறைந்துவிடாது. 2020இல் ஒரு நிறுவனம் அந்தப் படத்தைத் தன் பட்டியலிலிருந்து எடுத்து, வரலாற்று விளக்கம் சேர்த்துத் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. எண்பது வருஷமாகியும் அந்தப் பொய் உயிரோடுதான் இருந்தது.

1952இல் ஹாட்டி இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கச் சொல்லியிருந்தார். அது வெள்ளையருக்கு மட்டும், முடியாது என்றார்கள். வேறு இடத்தில் புதைத்தார்கள். சுடுகாட்டுப் பாதைக்குச் சண்டை போடுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். வரப்போகிற கலைவிழாவுக்கு ஒரு பறைக்குழுவைக் கூப்பிடலாமா, வேண்டாமா என்று உங்களுக்குள் தகராறு நடக்கிறது. சாதிப் பெருமை பேசுகிற ஒரு படத்தில், பண்ணையார் வருகிற காட்சியில், குனிந்து அடித்துக்கொண்டு முன்னால் போனவர்கள் அவர்கள். 'துரோகிகள்' என்று ஒரு தோழர் என்னிடமே சொன்னார். நான் அந்தக் குழுவின் அண்ணன் ஒருவரிடம் பேசினேன். நாலு நாள் படப்பிடிப்பு, சாப்பாடு, ஆளுக்குத் தினக் கூலி. அந்தக் குழுவில் முழுநேரமும் பறையை நம்பி இருக்கிறவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் பெயிண்ட் வேலை, சித்தாள் வேலை. நம் மேடைகளில் எத்தனை முறை ஆடினீங்க என்று கேட்டேன், எண்ணிச் சொன்னார். எவ்வளவு கொடுத்தாங்க என்று கேட்டேன். சிரித்தார். 'இயக்கத்துக்கு தம்பி, துண்டு போட்டாங்க' என்றார்.

படத்தைக் கிழித்து எழுதுங்கள். இயக்குநர் பெயரைப் போட்டு, காட்சியைச் சொல்லி எழுதுங்கள், நம் பத்திரிகையில் நானும் எழுதுகிறேன். குழுவைக் கூப்பிடுங்கள். அந்தக் காட்சியைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மேடையிலேயே கேளுங்கள். அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. போக வர வண்டிச் செலவு, ரெண்டு வேளைச் சாப்பாடு, ஆளுக்கு ஒரு நாள் கூலி, சினிமாக்காரன் கொடுத்ததற்குக் குறையாமல். அவர் சொன்ன கணக்குப்படி பெரிய தொகை ஒன்றும் இல்லை. வசூல் நோட்டை எடுங்க, முதல் பெயர் என்னுடையது. பணம் சம்பளம் வந்த பிறகு, ஒண்ணாம் தேதி.