மனக்காயத்துக்கு என்ன விலை?



அடிபட்டவன் காயத்தைக் காட்டலாம். குடிசை எரிந்தவன் சாம்பலைக் காட்டலாம். நாலு பேர் முன்னால் சாதியைச் சொல்லித் திட்டு வாங்கியவன் எதைக் காட்டுவான்?

2023 ஜனவரியில், இதே சேலத்துக்குப் பக்கத்தில் திருமலைகிரியில், கோயிலுக்குள் போனதற்காக ஒரு தலித் இளைஞரை ஊரார் முன்னால் நிறுத்தி, தி.மு.க. ஒன்றியச் செயலாளர் ஒருவர் கேவலமாகத் திட்டினார். வீடியோ வெளியே வந்தது. பிறகுதான் கைது, கட்சி நடவடிக்கை எல்லாம். வீடியோ இல்லாவிட்டால்? 'வாய்ப்பேச்சுதானே, விட்டுட்டுப் போப்பா' என்றிருப்பார்கள்.

சட்டம் அப்படி விடவில்லை. பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை வன்கொடுமை என்றது 1989 சட்டம். 1995 விதிகள் அதற்கு 25,000 ரூபாய் வரை நிவாரணம் வைத்தன. 2016 திருத்தம் அதை 1 லட்சமாக்கியது. முதல் தகவல் அறிக்கை பதிவானதும் 25 சதம், குற்றப்பத்திரிகை போனதும் 50 சதம், தண்டனை கிடைத்தால் மீதி 25. உடம்பில் காயம் இருந்தாகணும் என்ற கட்டாயம் இதில் இல்லை.

'காசுக்காகத்தானே கேஸ் போடுறாங்க' என்று டீக்கடையில் பேசுவார்கள். பெரிய மனுசன் மானநஷ்டம் என்று கோடிக்கணக்கில் கேட்டால் அது கௌரவம். நாம் சட்டப்படி கேட்டால் காசாசையா? நமக்கு மானமே கிடையாது என்ற நினைப்புதானே இதற்குள் இருக்கிறது? நம்மை வாய்மூட வைக்க ஊர்ப் பஞ்சாயத்தில் நீட்டுவார்களே, அந்த ராஜிப் பணம்தான் கேவலம். நிவாரணம் அப்படியல்ல. உனக்கு நடந்தது குற்றம் என்று அரசாங்கம் எழுத்தில் ஒத்துக்கொள்வது அது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டு நாலு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது திட்டியது இந்தப் பிரிவில் வராது என்றது. பண்ணையத்தில், தறிக்குடோனில் தனியாக மாட்டிக்கொண்டு திட்டு வாங்குகிறவருக்குச் சாட்சி யார்?

ஆகவே புகார் எழுதும்போது கூட இருங்கள். 'தகாத வார்த்தையால் திட்டினார்' என்று மழுப்ப விடாதீர்கள். சொன்ன சொல், இடம், நேரம், காதால் கேட்டவர் பெயர், எல்லாம் அப்படியே எழுதணும். எழுதச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல்தான் சாட்சியம்.

பணம் வந்தால் மனசு ஆறிவிடாது, தெரியும். முதல் 25 சதத்தோடு கூட்டம் கலைந்துவிட்டால், சாட்சியைத் தனித்தனியாக மிரட்டி வழக்கை முடித்துவிடுவார்கள். கடைசி வாய்தா வரைக்கும் அவரோடு கோர்ட்டுக்குப் போக யார் யார் வர்றீங்க? பெயர் கொடுங்க.