போர்டில் பட்டு விழும் பந்து

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் எரிச்சல் புரியும். போன வருடம் ஒரு கல்லூரி ஜெர்சியில் பார்த்த பையனை இந்த வருடம் எதிரணி ஜெர்சியில் பார்க்கிறோம். 2021-இல் விதிகளைத் தளர்த்திய பிறகு கல்லூரி மாறுவது வருடாந்திர வழக்கமாகிவிட்டது. இப்போது வீரர்களுக்குப் பணம் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் உழைப்புக்கான கூலி, எப்போதோ வந்திருக்க வேண்டியது. என் கவலை ரசிகர்களைப் பற்றியது. இருபது வருடம் கழித்து, "உங்கள் கல்லூரியில் ஆடியவர்களில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் அவர்கள் யார் பெயரைச் சொல்வார்கள்?

வேக் ஃபாரஸ்ட் ரசிகர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரத்துக் கல்லூரி அது. சிகரெட் ஆலைகளால் வளர்ந்த ஊர். அதே மாநிலத்தில், அதே ஏ.சி.சி. லீக்கில், டியூக், வட கரோலினா பல்கலைக்கழகம், வட கரோலினா ஸ்டேட் என்று மூன்று பெரிய அணிகள். நான்கில் சிறியது வேக் ஃபாரஸ்ட். தேசியப் பட்டம் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கடைசி நான்கு அணிகளுக்குள் போனது ஒரே ஒருமுறை, 1962-இல். கோப்பைகளைச் சொல்லிப் பெருமைப்பட வழியில்லாததால் அந்த ரசிகர்கள் ஆட்களைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அதனால்தான் எனக்கு அவர்களை இவ்வளவு பிடிக்கும்.

தொண்ணூறுகளில் என் அண்ணன் குடும்பத்தோடு அந்த ஊரில் கொஞ்ச காலம் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். நான் கூடைப்பந்து ஆடியவள் என்று தெரிந்ததும் வேலியோரம் என்னை நிறுத்திக்கொள்வார். அவருக்கு மக்சி போக்ஸ் என்றால் உயிர். நேயர்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஐந்தடி மூன்றங்குல உயரம். 1983 முதல் 87 வரை நான்கு வருடம் வேக் ஃபாரஸ்டுக்கு ஆடியவர். "எதிரணிக்காரன் பந்தைத் தட்டும்போது அது தரையில் பட்டு மேலே வருமே, அந்தப் பாதி தூரத்தில் மக்சியின் கை இருக்கும்" என்பார். உண்மைதான். உயரமான ஆட்டக்காரனின் இடுப்புக்குக் கீழே ஒரு தனி ஆட்டம் நடக்கிறது. அங்கே போக்ஸை ஜெயிக்க ஆளில்லை.

தபால்காரரின் மனைவியின் தேர்வு ராண்டால்ஃப் சில்ட்ரஸ். அந்த ஊரில் பாதிப் பேர் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். முழங்கால் காயத்தால் ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1995 மார்ச்சில் கிரீன்ஸ்பரோவில் நடந்த ஏ.சி.சி. போட்டியில் டியூக்குக்கு எதிராக 40 புள்ளி, வர்ஜீனியாவுக்கு எதிராக 30, இறுதி ஆட்டத்தில் வட கரோலினாவுக்கு எதிராக 37. மூன்று நாளில் 107 புள்ளி! அந்த இறுதி ஆட்டத்தில்தான் வட கரோலினாவின் ஜெஃப் மெக்கின்னிஸை கிராஸ்ஓவரில் தரையில் விழவைத்தார். விழுந்தவரைப் பார்த்து, எழுந்து வா என்று கையை ஆட்டிவிட்டு மூன்று புள்ளி ஷாட்டைப் போட்டார். கூடுதல் நேரத்தில் ஜெயிக்க வைத்த கடைசி ஷாட்டும் அவருடையதே. 82-க்கு 80. வேக் ஃபாரஸ்டுக்கு 1962-க்குப் பிறகு கிடைத்த முதல் ஏ.சி.சி. பட்டம். ஜெயித்த இரவுகளில் கல்லூரி வளாகத்து மரங்களில் மாணவர்கள் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசித் தோரணம் கட்டுவார்கள். அன்றைக்கு எத்தனை மரம் வெள்ளையாகி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, சில்ட்ரஸை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அதே அணியில், அதே இறுதி ஆட்டத்தில், ரிங்குக்குக் கீழே ஒருவர் இருந்தார். டிம் டங்கன். என் ஓட்டு அவருக்குத்தான். ரசிகர்கள் அவரை மதிக்கிறார்கள், சில்ட்ரஸை நேசிக்கிறார்கள். அந்த வரிசையைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன்.

டங்கன் செயின்ட் குரோய் தீவில் பிறந்தவர். நீச்சல்காரர். அக்கா 1988 ஒலிம்பிக்கில் நீந்தியவர். 1989-இல் ஹியூகோ புயல் தீவின் நீச்சல் குளத்தை அழித்தது. அடுத்த வருடம், இவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கூடைப்பந்தில் தீவிரமாக இறங்கியதே அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்ட பையன் 1993-இல் வின்ஸ்டன்-சேலத்துக்கு வந்தார். கல்லூரி அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நான்கு வருடம் தங்கினார். திரும்பவும் சொல்கிறேன், நான்கு வருடம் தங்கினார்.

1995-இல் வட கரோலினாவின் ஸ்டாக்ஹவுஸும் ரஷீத் வாலஸும் இரண்டே வருடத்தில் என்.பி.ஏ.வுக்குப் போனார்கள். 1996 ஏ.சி.சி. இறுதியில் ஜார்ஜியா டெக்கை வேக் ஃபாரஸ்ட் 75-க்கு 74 என்று ஒரு புள்ளியில் ஜெயித்தது. எதிரணியில் ஆடிய ஸ்டீஃபன் மார்பரி ஒரே வருடத்தில் கிளம்பிப் போனார். டங்கனுக்கும் கோடிகள் காத்திருந்தன. ஆனாலும் இருந்தார். 1997-இல் உளவியல் பட்டத்தோடு வெளியேறினார். மாணவனாக இருக்கும்போதே பேராசிரியரோடு சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தற்பெருமைக்காரர்களிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் அதன் விஷயம். சட்டை நுனியில்கூடத் தற்பெருமை ஒட்டாத மனிதர் எழுதியது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். உங்களில் பயிற்சியாளர்கள் இருந்தால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டங்கனின் ஆயுதம் பேங்க் ஷாட். பந்தை நேராக ரிங்குக்கு எறியாமல், போர்டில் பட்டு உள்ளே விழும்படி எறிவது. கேரம் போர்டில் காயைச் சட்டத்தில் மோதவிட்டுக் குழிக்குள் தள்ளுகிறோமே, அதே கணக்கு. போர்டில் வரைந்திருக்கும் சதுரம் அலங்காரத்துக்காக அல்ல, குறி பார்ப்பதற்காக. ரிங்குக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் பக்கத்துச் சதுரத்தின் மேல் மூலையைப் பாருங்கள். ரிங்கைப் பார்க்க வேண்டாம். பந்து ஏறும்போது போர்டைத் தொட்டால் துள்ளிப் போய்விடும். இறங்கத் தொடங்கும்போது தொட வேண்டும். அப்போது போர்டு அதன் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பந்து சோர்ந்து வலைக்குள் விழும்.

டங்கன் எப்படிச் செய்வார்? இடது பக்கம் நின்று பந்தை வாங்குவார். திரும்பி எதிராளிக்கு முகம் காட்டுவார். காலை அரை அடி முன்னால் குத்துவார். காப்பவன் ஒரு கணம் பின்வாங்குவான். அந்தக் கணத்தில் ஷாட் போய்விடும். உயரத் தாவ மாட்டார், அவசரப்பட மாட்டார். ஏறக்குறைய ஏழடி மனிதர், கையைத் தலைக்கு மேல் உயர்த்தி மூலையைக் குறிவைத்தால் தடுக்க யாரால் முடியும்? அடுத்த முறையும் அதே இடம், அதே கால், அதே மூலை. பார்ப்பவர்களுக்குச் சலிப்பு என்கிறார்கள். எனக்கு அதைவிட அழகான ஒன்று கூடைப்பந்தில் இல்லை. எதிராளிக்குத் தெரியும், அரங்கத்துக்கே தெரியும், என்ன வரப்போகிறது என்று. தெரிந்தும் தடுக்க முடியவில்லை என்றால் அதுதான் உச்சமான திறமை.

இது என் பிடிவாதம் மட்டுமல்ல. 2011-இல் வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகப் பொறியாளர்கள், அதாவது பரம எதிரிக் கல்லூரிக்காரர்கள், கணினியில் லட்சக்கணக்கான ஷாட்களை ஆடிப் பார்த்தார்கள். பன்னிரண்டு அடிக்குள், பக்கவாட்டுக் கோணங்களில், நேராக எறிவதைவிடப் போர்டில் அடிப்பது 20 சதவீதம் வரை அதிகப் பலன் தரும் என்று கண்டார்கள். ஆனால் இன்றைக்கு மைதானத்துக்கு வரும் பிள்ளை முதல் நாளே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நிற்கிறது. என்னிடம் பயிற்சிக்கு வந்த உயரமான பெண் ஒருத்தி, கைக்கு எட்டும் தூரத்தில் போர்டு இருந்தும் அதைத் தொடவே மாட்டாள். போர்டில் பட்டு விழுந்தால் அதிர்ஷ்டத்தில் விழுந்தது என்று தோழிகள் கிண்டல் செய்வார்களாம். அவளை உட்காரவைத்து டங்கனின் கல்லூரி ஆட்டப் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். முதலில் கொட்டாவி விட்டாள். பிறகு, "மேடம், அவர் குறி வைக்கிற இடம் மாறவே இல்லையே" என்றாள். அந்த சீசனிலேயே மாவட்டப் போட்டியில் போர்டில் அடித்து அடித்துப் புள்ளி சேர்த்தாள். கிண்டல் செய்தவர்கள் இப்போது அதே இடத்தில் நின்று பழகுகிறார்கள்.

டங்கன் வேக் ஃபாரஸ்டை விட்டுப் போகும்போது 1,570 ரீபவுண்ட், 481 பிளாக். கடைசி சீசனில் ஆட்டத்துக்கு 14.7 ரீபவுண்ட், நாட்டிலேயே முதலிடம். அந்த வருடத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான நெய்ஸ்மித் விருதும் வுடன் விருதும் அவருக்குத்தான். ஆனால் கடைசி நான்குக்குள் அணியைக் கொண்டுபோக அவராலும் முடியவில்லை. 1996-இல் கென்டக்கி தடுத்தது, 1997-இல் ஸ்டான்ஃபோர்ட். இதைச் சொல்லித்தான் சிலர் அவரைச் சில்ட்ரஸுக்குக் கீழே வைக்கிறார்கள். ஒரு மார்ச் மாத வாரத்தையும் நான்கு வருடத்தையும் தராசில் வைத்தால் எனக்கு எது கனம் என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ் பாலை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்த வட்டாரத்துப் பையன். கொலையுண்ட தாத்தாவின் வயது 61 என்பதற்காகப் பள்ளி ஆட்டத்தில் சரியாக 61 புள்ளி எடுத்துவிட்டு வெளியே நடந்தவர். ஊரே அவருக்காக அழுதது. மிகப் பெரிய ஆட்டக்காரர். ஆனால் கல்லூரியில் இருந்தது இரண்டே வருடம். அதே ஊர்க்காரர் ஜாஷ் ஹோவர்ட் நான்கு வருடமும் இருந்து, 2003-இல் ஏ.சி.சி.யின் சிறந்த வீரராக ஒருமனதாகத் தேர்வானார். அவர் பெயரை இன்று யாரும் முதலில் சொல்வதில்லை. அது எனக்கு வருத்தம்.

என் வரிசை இதுதான்: டங்கன், சில்ட்ரஸ், போக்ஸ், ஹோவர்ட், அதற்குப் பிறகு பால். டங்கனை முதலில் வைக்கத் தபால்காரர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. வேலியோரம் எத்தனையோ முறை வாதாடினோம். அவர் போக்ஸையும் நான் டங்கனையும் விட்டுக்கொடுக்கவே இல்லை.