மார்கழிக் கழிவு

மார்கழி பிறந்ததும் புடைவைக் கடைக்காரர் விலையைக் குறைப்பதன் காரணம் நாமறிந்ததே. தேங்கிய சரக்கை அகற்ற வேண்டும். சரக்கறையே இல்லாத சிறு மென்பொருள் நிறுவனமும் ஆண்டிறுதியிற் கழிவு கொடுக்கின்றதே, அது ஏன்? ஒரு பிரதியை ஆயிரமாக்க அதற்குச் செலவு இல்லையென்றே சொல்லலாம். செலவெல்லாம் எழுதியவரின் உழைப்பு. அவ்வுழைப்புக்கு வரும் ஆண்டிலும் கூலி கிடைக்குமா என்பதே அதன் ஐந்தொகைக் கவலை.

மைக்ரோசொப்டை விட்டு விலகிய பொப் வொலஸ் என்பவர், 1983இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே குவிக்சொப்ட் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். தமது பீசி-றைற் என்னும் எழுத்துச் செயலியை எவரும் பிரதிசெய்து நண்பருக்குக் கொடுக்கலாம் என்றார். 75 டொலர் செலுத்திப் பதிவு செய்தவருக்குக் கைந்நூலும் உதவியும் உண்டு. அவர் வழங்கிய பிரதியைப் பெற்ற இன்னொருவர் பதிவு செய்தால், வழங்கியவருக்கு 25 டொலர் தரகு! பிரதி எடுப்போரைப் பிறர் பூட்டுப் போட்டுத் தடுக்க, இவர் அவர்களையே முகவராக்கிவிட்டார்.

பார்த்தெழுதும் மாணவனைக் கண்டிக்கும் அதிபராகிய நான், நேரசூசி வகுக்கும் மென்பொருளொன்றை, யாரோ தந்த பிரதியாக, மூன்றாண்டு பயன்படுத்தினேன். "ஐயா, இதற்கு நாங்கள் காசு கட்டினோமா?" என்று கணினி ஆசிரியை ஒருநாள் கேட்டார். சென்ற மார்கழியில் அந்நிறுவனத்தின் அரைவிலை அறிவித்தல் கண்டேன். அவ்வாண்டில் திருத்திய பிழைகளையும் அதில் ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். இரண்டு எங்களை அலைக்கழித்தவை. பணத்தைக் கட்டினேன். பழைய நிலுவையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.