வாவி மீனும் விலைப் படமும்

மட்டக்களப்பு வாவிக்கும் மனிதனின் செவிக்கும் நெடுநாளைய உறவு உண்டு. பூரணை நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு பொருத்தினால் மெல்லிய இன்னிசை கேட்கும் என்று முன்னோர் சொல்லி வந்தனர். 1954ஆம் ஆண்டில் அமெரிக்கரான லாங் அடிகளார் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி அவ்வோசையைப் பதிவு செய்தார். பின்னர் அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடுவது மீனா, சிப்பியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆயினும் "மீன்பாடும் தேன்நாடு" என்ற பெயர் நிலைத்துவிட்டது.

காதால் அறியப்பட்ட மீனைக் கண்ணால் மட்டும் அறிந்து விலை பேசும் காலம் இது. முன்னர் அலங்கார மீன் வாங்க விரும்பியவர் கடைக்குச் சென்றார். தொட்டியின் முன் நின்றார். மீன் நீந்துவதையும் இரை எடுப்பதையும் பார்த்த பின்னரே பணத்தை எடுத்தார். இன்று கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் மட்டக்களப்பு மீனைக் கைத்தொலைபேசியில் ஒரு படமாகக் காண்கிறார். அவருக்கு அந்தப் படமே கடை. வியாபாரியின் வாக்கும் அதுவே.

மீனைப் படம் பிடித்து மக்களுக்குக் காட்டும் கலை புதியதன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அச்சகம் நடத்திய வில்லியம் இன்னஸ் என்பவர், 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தாமே எடுத்த மீன் படங்களைச் சேர்த்தார். மறு ஆண்டு விஞ்ஞானிகள் அறிமுகப்படுத்திய நியோன் டெட்ரா என்னும் மீனுக்கு அவர் பெயரையே இட்டனர். அவர் காலத்தில் அது பெருஞ்செலவும் பொறுமையும் வேண்டிய வேலை. இன்று கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. பொறுமை மட்டும் முன்போலவே அரிதாயிருக்கிறது.

அந்த வேலை எவ்வாறு நடைபெறுகிறது? தேர்ந்த விற்பனையாளர் மீனை அது வாழும் பெரிய தொட்டியில் வைத்துப் படம் பிடிப்பதில்லை. படத்திற்கென்றே ஒடுங்கிய சிறு தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார். அதில் மீன் பழகிய நீரையே ஊற்றுகிறார்; உப்பும் வெப்பநிலையும் மாறிவிட்டால் மீன் துன்புறும். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைக்கிறார். பின்புறம் ஒரு கண்ணாடித் தகட்டைச் செருகி, மீன் முன்னும் பின்னும் அதிகம் விலகாதபடி இடத்தைச் சுருக்குகிறார். அறை விளக்கை அணைத்து, தொட்டியின் மேலிருந்து மட்டும் ஒளி விழச் செய்கிறார். முன்னிருந்து ஒளி பாய்ச்சினால் கண்ணாடியும் செதிலும் அதனைத் திருப்பி எறிந்துவிடும். சிலர் தம் உருவம் கண்ணாடியில் தெரியாதிருக்கக் கறுப்புச் சட்டையே அணிவர்.

கருவியைக் கண்ணாடிக்கு நேராகப் பிடிப்பது முக்கியம். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி சாய்வாக வந்தால் வளைந்துவிடும்; மீனின் உருவம் சிதைந்து மங்கும். நேராகப் பார்த்தாலும் மீன் உண்மைத் தூரத்தின் முக்காற்பங்கு தூரத்திலேயே இருப்பதாகத் தோன்றும். ஆகையால் சற்றுப் பெரிதாகவும் தெரியும். பின்பு மீனின் கண்ணைக் குறிவைத்து, அது பக்கவாட்டில் திரும்பிச் செட்டைகளை விரிக்கும் கணத்திற்காகக் காத்திருக்க வேண்டும். ஐம்பது படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் உண்டு. இவ்வளவும் நேர்மையான உழைப்பே.

குறை எங்கே தொடங்குகிறது? செந்நிற விளக்கின் கீழ் வைத்தால் சிவப்பு மீன் மேலும் சிவக்கும். கைத்தொலைபேசியில் விரலை ஒரு முறை நகர்த்தினால் மஞ்சள் பொன்னாகும். அயல் நாட்டார் எடுத்த படத்தைத் தம் மீனின் படமாகக் காட்டுவதும் நடக்கிறது. நூறு குஞ்சுகளுள் அழகான ஒன்றைப் படம் பிடித்துவிட்டு, ஏனைய தொண்ணூற்றொன்பதையும் அதே விலைக்கு அனுப்புவதும் உண்டு.

ஆனால் எல்லா முறைப்பாட்டுக்கும் விற்பவரே காரணம் என்று கூறிவிடவும் முடியாது. மீனின் தோலில் நிறம் தாங்கிய நுண்கலங்கள் உள்ளன. அச்சமுற்றாலும் வெண்மணல் மீது விடப்பட்டாலும் அவற்றின் நிறமணிகள் சுருங்க, மீன் வெளிறும். கருந்தரையும் அமைதியும் கிடைத்தால் நிறம் மீளும். நம் களப்புகளில் வாழும் ஒறேஞ்சுக் குரோமைட் என்னும் சிறு மீன் குஞ்சு காக்கும் பருவத்தில் ஒரு நிறமும், பொதியிலிருந்து இறக்கிய முதல் நாளில் வேறொரு நிறமும் காட்டும். இரண்டும் உண்மையே. எந்த நிலையில் எடுத்த படம் என்று சொல்லாமல் விடுவதே பிழை.

அளவும் அப்படித்தான். ஸ்கட் என்று வணிகத்தில் வழங்கும் புள்ளி மீனின் குஞ்சு, உள்ளங்கையில் அடங்கும் அழகுப் பொருள். அதுவே வளர்ந்தால் ஓரடி நீளமும் ஆகலாம். வளர வளர உப்புக் கலந்த நீரும் வேண்டும். குஞ்சின் படத்தை மட்டும் பார்த்து வாங்கியவர், அதனை நன்னீர் நிரம்பிய சிறு குவளையில் விடுவார். அங்கே பொய்த்துப் போவது படம் மட்டுமன்று. ஓர் உயிரும் வாடி மடியும்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். வாவிக்கரைக் கிராமம் ஒன்றில் இளைஞன் ஒருவன் நான்கு தொட்டிகளோடு பிழைப்பைத் தொடங்குகிறான். அவனுடைய மீன்கள் நல்லவை. நிறம் மட்டும் சாதாரணம். அயலில் ஒருவன் நிறமூட்டிய படங்களால் இரட்டிப்பு விலை பெறுகிறான். இளைஞன் விரலைத் திரையில் வைக்கிறான். அந்த நேரத்தில், கல்முனையில் உண்டியலை உடைத்துப் பணம் எண்ணும் சிறுவன் ஒருவன் அவனுடைய படத்தையே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். விரல் நகர்ந்தால் இன்றைய விலை கூடும். ஆனால் பொதியைத் திறந்து ஏமாந்த சிறுவன் மறுமுறை அவனிடம் வரமாட்டான். அவன் நண்பர்களும் வரமாட்டார்கள். நான்கு தொட்டிக்காரனுக்கு நற்பெயரைத் தவிர வேறு முதல் இல்லை.

அவன் செய்யக்கூடியது எளிது. தொட்டிக்குள், மீன் நிற்கும் அதே ஆழத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தலாம். முன்னே வைத்தால் மீன் சிறுக்கும், பின்னே வைத்தால் பெருக்கும். வெண்ணிற விளக்கையே பயன்படுத்தலாம். எடுத்த திகதி, மீனின் பெயர், நீரின் உப்பு, முழு வளர்ச்சியின் நீளம் ஆகியவற்றைப் படத்தின் கீழ் எழுதலாம். மீன் நீந்தி இரை எடுப்பதைச் சிறிது நேரம் அசையும் படமாகவும் காட்டலாம். வேலை முடிந்ததும் மீனைத் தாமதமின்றிப் பழைய தொட்டிக்கு மாற்ற வேண்டும். வாங்குபவரும் சும்மா இருத்தல் ஆகாது. "இன்று எடுத்த படம் ஒன்று அனுப்புக" என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

நிலாக் காலத்தில் துடுப்பைக் காதில் வைத்தவன் வாவி தந்த ஓசையையே கேட்டான்; தன் குரலை அதில் கலக்கவில்லை. கருவியைக் கண்ணாடியின் முன் பிடிப்பவனுக்கும் அந்த அடக்கம் வேண்டும். உள்ள நிறத்தைக் காட்டும் படம் சிறிது குறைந்த விலைக்குப் போகலாம். ஆனால் பொதி திறக்கப்படும் வேளையில், படமும் மீனும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.