ஆற்றில் போட்டது குளத்தில் கிடைத்த கதை

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே மண், ஒரே அச்சு. பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் எடுத்த எடுப்பில் சிவப்பையோ பச்சையையோ தொடுவதில்லை. முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு. அது காய்ந்த பிறகுதான் நிறம்.

நம் சிவப்பணுக்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஒவ்வொரு அணுவின் மேலும் சர்க்கரைகளால் ஆன ஓர் அடிப்பூச்சு இருக்கிறது. அதற்கு ஹெச் என்று பெயர். அதன்மேல் ஒருவகைச் சர்க்கரை ஒட்டினால் அவர் ஏ குரூப். வேறொரு வகை ஒட்டினால் பி. இரண்டும் ஒட்டினால் ஏபி. எதுவும் ஒட்டாமல் அடிப்பூச்சோடு நின்றால் ஓ. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இந்த வேறுபாட்டைக் கண்டு 1901-ல் வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் பிழைப்பதும் சாவதும் அதிர்ஷ்டம்தான்.

ஏ குரூப்காரர் உடம்பில் பி-யை எதிர்க்கும் எதிர்ப்பொருள் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மாற்று ரத்தம் சிறிதளவு உள்ளே போனாலே போதும்: குளிர் நடுக்கம், முதுகுவலி, காய்ச்சல். உடைந்த அணுக்கள் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் செவிலியர் கட்டிலை விட்டு நகராமல் நிற்பது இதற்காகத்தான்.

சரி, இந்தக் குரூப் பிள்ளைக்கு எப்படி வருகிறது? விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது, அதுவும் அவர்கள் ஊர்க் கதையே. ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டார், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவதா என்று நாம் வீண்வேலைக்குச் சொல்கிறோம். மரபணு விஷயத்தில் அது வீண்வேலை இல்லை. நடப்பதே அதுதான்.

அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு மரபணு. ஏ-யும் ஓ-வும் சேர்ந்து இருந்தால் வெளியே தெரிவது ஏ மட்டும். ஓ உள்ளே கிடக்கும். பி-யோடு சேர்ந்தாலும் அப்படியே. இப்போது ஏ குரூப் அப்பா, பி குரூப் அம்மா, இருவருக்குள்ளும் ஓ மறைந்திருக்கிறது என்று வையுங்கள். அவர்களுக்கு ஏ, பி, ஏபி, ஓ என நான்கில் எந்தக் குரூப்பிலும் பிள்ளை பிறக்கலாம். தாத்தா காலத்தில் ஆற்றில் விழுந்தது பேரன் காலத்தில் குளத்தில் மேலே வருகிறது. இந்தக் கணக்கை 1924-ல் தெளிவாக்கியவர் மருத்துவர் அல்ல, ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மன் கணித அறிஞர்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "ரெண்டு பேர் குரூப்பும் இல்லாம மூணாவதா ஒண்ணு எப்படி வந்துச்சு?" என்று பிள்ளை பெற்று வந்த பெண்ணைக் கேட்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கேள்வி ஒரு பெண்ணை எப்படி நொறுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தாய்க்கு ஏ, தகப்பனுக்கு பி, குழந்தைக்கு ஓ என்றால் அதில் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை.

அடுத்து ஆஸ்பத்திரி வாசல். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றதும் அண்ணன் தம்பிகள் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் நிற்பார்கள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும், அது உண்மை. ஆனால் ரத்த சொந்தம் வேறு, ரத்தப் பொருத்தம் வேறு. கூடப்பிறந்தவருக்கே குரூப் மாறியிருக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவினரின் வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியமென்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். தங்கிவிட்ட அணுக்கள் பிறகு அந்த உடம்பையே தாக்கும். அரிதுதான், ஆனால் உயிரைக் குடிக்கக்கூடியது. அதனால் உறவினர் ரத்தம் என்றால் கதிர்வீச்சு செலுத்திய பிறகே ஏற்றுவார்கள். நீங்கள் கொடுப்பது முகம் தெரியாதவருக்குப் போகட்டும், உங்கள் தம்பிக்கு முகம் தெரியாதவர் கொடுத்தது வரட்டும். அதுதான் நல்லது.

குரூப்போடு சேர்த்துச் சொல்லும் பாசிட்டிவ், நெகட்டிவ், அதாவது ஆர்ஹெச் பற்றியும் ஒரு வார்த்தை. தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்த குழந்தையைக் காப்பது அந்த ஊசி.

சுந்தரர் கதையில் இன்னும் ஒரு சங்கதி உண்டு. பொன்னை ஆற்றில் போடும் முன் மச்சம், அதாவது மாதிரிக்கு ஒரு துண்டு, வெட்டி எடுத்துக்கொண்டார். மாற்று குறையாமல் வந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க. ரத்த வங்கியிலும் அதே வேலை நடக்கிறது. பையிலிருந்து கொஞ்சம், நோயாளியிடமிருந்து கொஞ்சம் எடுத்துச் சேர்த்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் சீராக இருக்கும். பொருந்தாவிட்டால் திரிந்த பால்போலத் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும். "குரூப்தான் தெரியுமே, சீக்கிரம் குடுங்க" என்று அந்த நேரத்தில் ஜன்னலைத் தட்டாதீர்கள்.

ஏனென்றால் குரூப் தெரிந்தும் பொருந்தாத ரத்தம் உண்டு. 1952-ல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் அப்படி மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். சோதித்தால் ஓ போலத் தெரியும். ஓ ரத்தத்தைச் சேர்த்தாலோ கட்டிக்கொள்ளும். இவர்களுடைய அணுக்களில் அந்த அடிப்பூச்சே இல்லை. ஹெச் இல்லாததால் ஹெச்சையே எதிரியாகப் பார்க்கிறது உடம்பு. ஏ, பி மரபணு இருந்தாலும் ஒட்டுவதற்கு இடமில்லாமல் வெளியே தெரிவதில்லை. பிள்ளைக்குப் போனதும் அங்கே அது வெளிப்படலாம். 'ஓ' என்று எழுதிய பெற்றோருக்கு ஏ குரூப் பிள்ளை பிறப்பதும் அதனால்தான்.

பம்பாய் குரூப் என்று பெயர் பெற்ற இது இந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவரிடம் இருப்பதாகக் கணக்கு. ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு ஒருவர். தாய்மாமனைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் வழக்கமான குடும்பங்களில், மறைந்து கிடக்கும் ஒரே மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

இவர்களுக்கு இன்னொரு பம்பாய் குரூப்காரர் ரத்தம்தான் சேரும். அவரை எங்கே தேடுவது? இந்த ஓர் இடத்தில் உறவைத்தான் முதலில் தேட வேண்டும். கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு பம்பாய் குரூப் என்று தெரிந்தால், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் அவசரம் வரும்வரை காத்திருக்காமல் சோதித்துக்கொள்ளுங்கள். பொருந்துகிறவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ரத்த வங்கியில் எழுதி வையுங்கள். குளிர்பெட்டியில் சிவப்பணுப் பை 42 நாளுக்கு மேல் தாங்காது. எண் மாறினால் அதையும் போய்ச் சொல்லுங்கள்.