மாறிலியை மறவாதீர்கள்

(உயர்தர கணிதப் பிரிவு மாணவியருக்கு ஆற்றிய உரை)



பொறியியல் பீடத்தில் ‘சிமுலிங்க்’ மென்பொருளை நான் முதன்முதலில் திறந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நிரல் எழுதத் தேவையில்லை. பெட்டிகளை வைத்துக் கோடுகளால் தொடுத்தால் போதும். நான் மூன்று பெட்டிகளை வைத்தேன்: சைன் அலையைத் தருவது ஒன்று, அதைத் தொகையிடுவது ஒன்று, வரைபைக் காட்டும் ‘ஸ்கோப்’ ஒன்று. நேரம் 10 செக்கன் என ஏற்கெனவே குறித்திருந்தது. இயக்கினேன், கண்ணிமைக்குமுன் முடிந்துவிட்டது.

சைனின் தொகையீடு மறைக் கோசைன் அல்லவா? வளையி −1இல் தொடங்கி, −1க்கும் 1க்கும் இடையே ஆடும் என்று காத்திருந்தேன். அதுவோ 0இல் தொடங்கி, 0க்கும் 2க்கும் இடையே ஆடியது. மென்பொருளில்தான் பிழை என்று நினைத்தேன். மூன்று முறை எல்லாவற்றையும் அழித்து மீண்டும் தொடுத்தேன். அதே வளையிதான்.

பிறகுதான் இதே வகுப்பறையில் எனக்கு ஒரு புள்ளி வெட்டுப்பட்டது நினைவுக்கு வந்தது. “மாறிலி எங்கே, பிள்ளை?” என்று ரீச்சர் கேட்டாரே! தொகையிடும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தொடக்கப் பெறுமானம் 0 என்று இருந்தது. அதனால் அது வரைந்தது 1 − கோசைன். அங்கே −1 என இட்டதும் நான் எதிர்பார்த்த வளையி வந்தது.

கணினி பிழைவிடவில்லை. நான் சொல்லாமல் விட்டதை அது 0 என்று எடுத்துக்கொண்டது. தங்கைமாரே, இயக்குமுன் விடை எப்படி வரும் என்று தாளில் வரைந்து பாருங்கள்; வேறுபட்டால் ஏனென்று தேடுங்கள்.

அந்த ஒரு புள்ளியை வெட்டிய ரீச்சருக்கு இன்றும் என் நன்றி.