கடத்துகாரர்



ஆற்றில் நம்மை அக்கரை சேர்ப்பவருக்குத் தமிழில் பெயர்கள் பல: ஓடக்காரர், தோணிக்காரர், பரிசல்காரர். அண்டை மலையாளத்தில் அவர் 'கடத்துகாரன்'. அங்கே பாலம் வராத துறைகளில் இன்றும் கடத்து வள்ளம் ஓடுகிறது. சில ஊர்களில் ஊராட்சியே கூலி கொடுக்கிறது. அக்கரையில் நின்று பள்ளிப் பிள்ளைகள் கூவினால் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வருவார்.

அந்தச் சொல்லை நம் செய்தித்தாளில் கண்டால் என்ன நினைப்போம்? தங்கம், கஞ்சா, கைவிலங்கு! கடத்துதல் என்றால் கடக்கச் செய்தல், அவ்வளவுதான். பாடநூலில் செம்புக் கம்பியை மின்கடத்தி என்கிறோம், அதில் குற்றமில்லை. மனிதரைப் பற்றிச் சொல்லும்போதுதான் சொல் கறைபட்டுப் போகிறது. துறையில் ஏறுகிறவர், தாம் போக விரும்பும் கரைக்குப் போகிறார். வேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போய், அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, முன்பணத்தைக் காட்டி மிரட்டுகிறவனிடம் சிக்கியவருக்குக் கரையும் தெரியாது, திரும்ப வழியும் கிடையாது.

புனித ஜோசபின் பக்கித்தா இதை அறிந்தவர். சூடானில் சிறுமியாக இருந்தபோதே கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்டார். பெற்றோர் வைத்த பெயர்கூட மறந்துபோயிற்று. பக்கித்தா என்பது பிடித்துப்போனவர்கள் இட்ட பெயர். 1885இல் இத்தாலியத் தூதரக அதிகாரி ஒருவர் ஊர் திரும்பியபோது, தம்மையும் அழைத்துப்போகும்படி கெஞ்சிக் கப்பலேறினார். ஏறிய துறைமுகம் சுவாக்கின். செங்கடல் கரையில் இருக்கிறது. இஸ்ரயேல் மக்களை ஆண்டவர் விடுதலைக்குக் கடக்கச் செய்த அதே கடல்! ஆனால் இத்தாலியில் இறங்கியதும், ஒரு பொருளைப்போல வேறொரு குடும்பத்திடம் கொடுக்கப்பட்டார். சில ஆண்டுகளில் எசமானி மீண்டும் சுவாக்கினுக்கு அழைத்தார். பக்கித்தா மறுத்துவிட்டார். வழக்கு வெனிஸ் நீதிமன்றம் வரை போயிற்று. 1889 நவம்பர் 29 அன்று அவர் அடிமையல்ல என்று தீர்ப்பாயிற்று. 1890 சனவரி 9 அன்று திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் அந்தத் திருமுழுக்குத் தொட்டியை முத்தமிட்டு, தாம் கடவுளின் மகளானது அங்கேதான் என்பாராம்.

பிப்ரவரி 8 அவரது திருவிழா. 2015 முதல் அன்று ஆள்கடத்தலுக்கு எதிராகத் திருஅவை உலகெங்கும் இறைவேண்டல் செய்கிறது, நாமும் செய்வோம். ஆனால் வெளியூருக்கு வேலைக்கு அனுப்பிய பிள்ளையிடமிருந்து போன் வருவது நின்றுபோன வீடு நம் தெருவில் இருந்தால், பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே போய் விசாரிப்போம். பிள்ளை பதினெட்டு வயதுக்கு உட்பட்டதென்றால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்வோம்.